வழுக்கும் மாதங்களுக்கான வண்டி

பணியாளர் கையேடு, பகுதி ஏழு, விதி நான்கு: "பனி, உறைபனி அல்லது அவற்றைப் போன்ற காரணங்களால் சாலை வழுக்கும் மாதங்களில், நிறுவனத்தின் ஃபோர்வீல் வண்டி, மலைப்பாதை வழியாக வேலைக்கு வருகிறவர்களுள் பணிமூப்பு உள்ளவருக்கே ஒதுக்கப்பட வேண்டும்." இதில் புரியாத சொல் ஒன்றும் இல்லை. அந்தக் கையேட்டை வருடக்கணக்கில் என் மேஜை இழுப்பறையில் வைத்துக் காத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிடத் தெளிவான விதி அதில் வேறு கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் நான் புஜைராவில், கப்பல்களுக்கான எண்ணெயைத் தொட்டிகளில் சேமித்து வைக்கும் ஒரு கம்பெனியில் நிர்வாக அதிகாரியாக இருந்தேன். தலைமையகம் ஐரோப்பாவின் வடகோடியில், வருடத்தில் பாதி பனி மூடிக் கிடக்கும் ஒரு நாட்டில். கையேடு அங்கே எழுதப்பட்டு, ஒரு வரிகூட மாறாமல் எங்களுக்கு வந்திருந்தது. ஆபீஸ் வாசலில் பனி வாருவது யார் பொறுப்பு என்று ஒரு விதி. கார் கண்ணாடியில் உறைந்ததைச் சுரண்டுவதற்கு எவ்வளவு நேரம் சலுகை என்று இன்னொன்று. ஸ்டீயரிங்கைத் தொட்டால் உள்ளங்கை வெந்துபோகும் ஜூலை மாதத்தில் இதையெல்லாம் படித்துச் சிரிக்காத ஆள் எங்கள் ஆபீஸில் இல்லை. நான் மட்டும் சிரித்ததில்லை. எழுதி வைத்த விதி என்றாவது ஒருநாள் யாருக்காவது உதவும். அந்த யாரோ நானாக இருப்பேன் என்று நினைத்திருந்தேன்.

அங்கே பனி இல்லை, ஆனால் சாலை வழுக்கும். துபாயிலிருந்து தைத் வழியாக மசாஃபி மலை ஏறி புஜைராவுக்கு இறங்கும் பாதையில் கல் குவாரி லாரிகள் ஓயாமல் ஓடும். எட்டு மாதம் மழையே இருக்காது. லாரி சிந்திய எண்ணெய், டயர் தேய்ந்த ரப்பர், கல் மாவு எல்லாம் தார்மேல் படிந்து கிடக்கும். டிசம்பரில் முதல் தூறல் விழுந்ததும் இவை மூன்றும் குழைந்து சோப்புக் கரைசல் மாதிரி ஆகிவிடும். பிரேக்கில் கால் வைத்தால் வண்டி நிற்காது, திரும்பி வந்த வழியைப் பார்க்கும். நான் சொந்தக் காரில், ஒரு கீறல் இல்லாமல், பல குளிர்காலங்கள் அதில் போய் வந்தவன்.

எங்கள் மேனேஜர் தலைமையகத்து நாட்டுக்காரர். பனியிலேயே கார் ஓட்டிப் பழகியவர். "இதெல்லாம் ஒரு மழையா?" என்று சிரித்தபடி ஒரு காலை கிளம்பியவர், புஜைரா ரவுண்டானாவில் பம்பரம் மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி, பூச்செடிகளுக்கு நடுவே போய் நின்றார். அடுத்த வருடம் நவம்பரிலேயே உத்தரவு வந்துவிட்டது. டிசம்பர் முதல் மார்ச் முடிய, மலைக்கு அந்தப் பக்கம் வசிக்கிறவர்கள் யாரும் சொந்தக் காரில் வரக் கூடாது. ஒன்று, நான்கு சக்கரமும் இழுக்கும் கம்பெனியின் ஃபோர்வீல் வண்டியில் வரலாம். அல்லது சனிக்கிழமை முதல் வியாழன் மதியம் வரை புஜைரா கேம்ப்பில் தங்கிக்கொள்ள வேண்டும்.

மலைக்கு அந்தப் பக்கம் வசித்தவர்கள் இரண்டே பேர். ஃபோர்வீல் வண்டி ஒன்றே ஒன்று.

அந்த இரண்டு பேரில் நான் ஒருவன். துபாய் கராமாவில், கீழே மளிகைக் கடையும் மேலே மூன்று மாடியும் உள்ள ஒரு கட்டடத்தில் குடியிருந்தோம். மனைவி துபாயில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். மகள் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. மனைவியின் வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தைப் புஜைராவுக்கு மாற்ற முடியாது. அதனால்தான் தினமும் போக நூறு சொச்சம், வர நூறு சொச்சம் கிலோமீட்டர் ஓட்டினேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, மகள் தூங்குமுன் அவளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். மற்றதெல்லாம் சம்பளத்துக்காகச் செய்தது. அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் எனக்கு வண்டி வேண்டியிருந்தது.

இன்னொருவர் அந்த வருடம்தான் சேர்ந்த என்ஜினியர். கீழக்கரைப் பக்கத்துக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். கராமாவில் இன்னும் மூன்று பேரோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தார். இங்கே வருமுன் ஒரு குளிர் நாட்டில் நாலு வருடம் வேலை பார்த்தவர். அங்கே பனிச்சாலையில் கார் ஓட்டப் பயிற்சி எடுத்து, அதற்கு ஒரு சான்றிதழும் வாங்கி, லேமினேட் செய்து வைத்திருந்தார். மேனேஜர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தபோது அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பிறகு இருவரும் அரை மணி நேரம் பனியைப் பற்றிப் பேசினார்கள். எந்த டயர் நல்லது, உப்பு எப்போது தூவ வேண்டும், முதல் பனி விழும் காலையில் ஊர் எப்படிச் சத்தமில்லாமல் கிடக்கும். நான் வண்டி ஒதுக்கீட்டுக் கோப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். என்னிடம் பனி சம்பந்தமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டு ஃப்ரீஸரில் ஐஸ் பிடிப்பது உண்டு, அதை அங்கே சொல்ல முடியாது.

வண்டி அவருக்குப் போனது. பனி விழாத மலையில் ஓட்ட, பனியில் ஓட்டியவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பனியில் ஓட்டிய மேனேஜர் ரவுண்டானாவில் சுற்றியதை யாரும் நினைவுபடுத்தவில்லை. நான் விதி நான்கை நினைவுபடுத்தினேன். "நல்ல பாயிண்ட். தலைமையகத்துக்கு எழுதுங்கள்," என்றார் மேனேஜர். எழுதினேன். மேல்முறையீட்டை முறைப்படி, மூன்று பிரதிகளில், இணைப்புகளோடு அனுப்பினேன். சாலை வழுக்குவதற்குக் காரணம் பனியாகத்தான் இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை என்பதை ஒரு முழுப் பக்கத்துக்கு விளக்கியிருந்தேன். அதுமாதிரி ஒரு கடிதத்தை அந்த ஆபீஸில் வேறு யாராலும் எழுதியிருக்க முடியாது.

வண்டி கிடைத்த அன்றே என்ஜினியர் என் மேஜைக்கு வந்தார்.

"சார், நீங்களும் கராமா, நானும் கராமா. காலையில ஒங்க வீட்டு வாசல்ல வந்து ஹார்ன் அடிக்கிறேன். ஏறி ஒக்காந்துக்கங்க. எதுக்கு கேம்ப்புல போயி கெடக்கணும்?"

உத்தரவுப்படி அதில் தடை இல்லை. கம்பெனி வண்டியில் வந்தால் போதும், ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் சரி. ஆனால் எனக்கு ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது, வழக்குக்கு உரிய வண்டியில் நானே ஏறி உட்கார்ந்தால், ஒதுக்கீட்டை ஏற்றுக்கொண்டதாக அர்த்தமாகிவிடும். இதை அவரிடம் பொறுமையாக விளக்கினேன்.

"அப்படியா சார்," என்றார். அவர் முகத்தில் மரியாதை தவிர ஒன்றும் தெரியவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் மனைவியிடமும் விளக்கினேன்.

"ஏங்க, சும்மா வர்ற வண்டியில ஏறி வர்றதுக்கு ஒங்களுக்கு ஹெட் ஆபீஸ் உத்தரவு வேணுமா?" என்றாள்.

"விஷயம் அது இல்ல."

"விஷயம் என்னன்னு எனக்குத் தெரியும்," என்று குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

கேம்ப்புக்குப் போனேன். ஒரு ரூமில் நாலு கட்டில், ஒரு ஏசி, ஒரு டிவி. மெஸ் சாப்பாட்டின் எண்ணெய் என் அல்சருக்கு ஆகாது. முதல் வாரமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். விஷயம் மனைவிக்குத் தெரிந்ததும் அவளே ஒரு ஏற்பாடு செய்துவிட்டாள். அதற்கு என்னிடம் அனுமதி கேட்கவில்லை. மறுநாள் காலை என்ஜினியர் டிபன் கேரியரோடு என் மேஜைக்கு வந்தார்.

"அண்ணி குடுத்தாங்க சார். ரசம் மேல் டப்பாவுல இருக்காம், சாய்க்காம எடுக்கச் சொன்னாங்க."

அண்ணி! நான் இன்னும் சார்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் என் வீட்டு வாசலுக்குப் போனார். சாயங்காலம் காலி கேரியரைக் கொடுக்கப் போய் டீயும் குடித்துவிட்டு வந்தார். என் வீட்டுச் செய்திகளை நான் அவரிடமிருந்து தெரிந்துகொண்டேன். பாத்ரூம் குழாய் ஒழுகியது, அவர் வாஷர் மாற்றிவிட்டார். மகள் கணக்கில் முழு மார்க். புதுத் திரைச்சீலை மாட்டியிருக்கிறார்கள், பச்சை நிறம். என் வீட்டுத் திரைச்சீலையின் நிறம் எனக்கு இன்னொருவர் வாயால் வந்தது. ரமலான் நோன்பு மாதம் பிறந்தபோது, இந்தச் சங்கடம் தீரும் என்று கொஞ்சம் எதிர்பார்த்தேன். நோன்பு வைத்திருக்கிற மனிதர் அடுத்தவன் சாம்பாரைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவாரா? ஏறினார். வண்டி முழுக்கப் பெருங்காய வாசனையோடு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கொண்டுவந்து, "ரசம் சாயல சார்," என்று வைத்துவிட்டுப் போனார். ஒரு குறை சொல்ல இடம் கொடுக்காத ஆள்மேல் பொறாமைப்படுவதைப்போல் அலுப்பான வேலை வேறில்லை.

சாயங்காலம் கேம்ப் போனில் வரிசையில் நின்று வீட்டுக்குப் பேசுவேன். மகள் வாயைத் திறந்தால் பனிதான்.

"அப்பா, யூ நோ, ஸ்னோல கார் ஸ்லிப் ஆச்சுன்னா பிரேக் போடவே கூடாது. அங்கிள் சொன்னாங்க."

"இங்க மழையிலயும் போடக் கூடாதும்மா. அப்பாவுக்கும் தெரியும்."

"பட் நீங்க ஸ்னோல ஓட்டினதில்லயே?"

பின்னால் நின்ற மலையாளி, "சேட்டா, மதி, எனக்கு நாட்டுக்கு விளிக்கணும்," என்று தோளைத் தட்டினார். போதுமாம், அவர் ஊருக்குப் பேச வேண்டுமாம். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த மாதத்தின் நடுவில் ஒரு நாள் என்ஜினியர் கேரியரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், ஒரு சந்தோஷமான சேதி. பாப்பாவுக்கு மொதப் பல்லு விழுந்திருச்சு. காலையில நான் போயி நிக்கிறேன், கையில வச்சுக்கிட்டு ஓடி வருது. அங்கிள் பாருங்க, அங்கிள் பாருங்கன்னு..."

அவர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பல் அதில் இல்லை, இருந்த இடத்தைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு நான் கேம்ப்பில் என் பையை எடுத்துக்கொண்டு, வழக்கு நிலுவையில் உள்ள வண்டியின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அவர் சாவியைத் திருப்பினார். "பெல்ட்ட போட்டுக்கங்கண்ணே," என்றார். அதுதான் முதல் அண்ணே. வீட்டில் மகள் எனக்கும் பல்லைக் காட்டினாள். காலையிலிருந்து பலருக்கும் காட்டியிருந்ததால் அவளுக்கு அதில் பழைய சுவாரசியம் இல்லை.

மறுநாள் காலை இருவருமாகக் கிளம்பினோம். தைத் தாண்டும்போதே மலைமேல் மேகம் கருத்துக் கிடந்தது. மசாஃபிக்குச் சற்று முன்னால், வண்டிக் கூரையில் யாரோ ஜல்லி கொட்டுவதுபோலச் சத்தம். ஆலங்கட்டி. கொண்டைக்கடலை அளவில் தொடங்கி நெல்லிக்காய் அளவுக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் சாலையும் பாறைகளும் ஓர ஈச்சமரங்களும் வெள்ளையாகிவிட்டன. எத்தனையோ வருடம் போய் வந்த பாதை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முன்னால் போன குவாரி லாரி பிரேக் அடித்திருக்க வேண்டும். அதன் பின்பக்கம் மெதுவாக, அவசரமே இல்லாமல், எங்கள் பக்கம் திரும்ப ஆரம்பித்தது.

நான் இரண்டு காலாலும் தரையை அழுத்தினேன்.

"அண்ணே, ஒங்க பக்கம் பிரேக் இல்ல," என்றார் அவர்.

தன் பக்கம் இருந்த பிரேக்கையும் அவர் தொடவில்லை. கியரைக் குறைத்தார். ஸ்டீயரிங்கை இரண்டு விரல் அகலத்துக்குத் திருப்பினார். வண்டி ஒருமுறை குலுங்கி, வாலை ஆட்டி, பிறகு அவர் சொன்னதைக் கேட்டது. லாரியின் பின்பலகை என் ஜன்னலை ஒட்டினாற்போல நகர்ந்து போனது. அதில் எழுதியிருந்த உருது எழுத்தின் பெயின்ட் உரிந்திருந்ததுகூடத் தெரிந்தது. ஓரமாக ஏற்றி வண்டியை நிறுத்திவிட்டு, "யா அல்லாஹ்," என்று மூச்சு விட்டார்.

அவர் தடுமாறியிருந்தால் எனக்கு உயிர்ச்சேதம் உண்டாகியிருக்கும். தடுமாறாததால் வேறு சேதம் உண்டானது. சான்றிதழ் உண்மை. அந்த ஒதுக்கீடு விதிக்குப் புறம்பானது, ஆனால் தவறானது அல்ல. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று கையேட்டில் எங்கும் இல்லை.

ஆலங்கட்டி நின்றதும் அவர் மறுபடி கிளம்பப் பார்த்தார். "நிறுத்துங்க," என்றேன். அடுத்த வளைவுக்குப் பிறகு சாலையின் குறுக்கே ஒரு வாதி உண்டு. வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் காட்டாறு. மலைமேல் இப்படிக் கொட்டினால் கால் மணி நேரத்தில் அதில் பாறை புரளும்.

"வெறும் தண்ணிதானண்ணே? ஃபோர்வீலு போயிரும்."

"பனியில ஓட்டறது ஒங்களுக்குத் தெரியும். இது எனக்குத் தெரியும்."

எங்கள் முன்னால் நின்ற லாரியின் பாகிஸ்தான் பட்டாணி டிரைவரும் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டி, "மத் ஜாவோ பாய், பானி ஆயேகா," என்றார். போகாதே, தண்ணீர் வரும் என்கிறார். அவர் பேச்சு முடியுமுன் கீழேயிருந்து உறுமல் கேட்டது. வாதி வந்துவிட்டது. தண்ணீர் வடியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

நேரம் போய்க்கொண்டிருந்தது. என் வயிறு எரிய ஆரம்பித்தது. அவர் பின்சீட்டிலிருந்து கேரியரை எடுத்து என் மடியில் வைத்தார்.

"சாப்பிடுங்கண்ணே. அல்சரு வயிறு."

"நோன்பு மாசத்துல வெளியில சாப்பிடக் கூடாது. சட்டம்."

"கண்ணாடிய ஏத்துங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன், நீங்க சட்டத்த கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பிக்கங்க."

சாப்பிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, கரைந்துகொண்டிருந்த வெள்ளையைப் பார்த்தபடி பேசினார். அவர் வேலை பார்த்த ஊரில் காலையில் முதல் வேலை காரைப் பனிக்குள்ளிருந்து தோண்டி எடுப்பது. பக்கத்து வீட்டில் புருஷன் தோண்டுவான், பொண்டாட்டி கண்ணாடியைச் சுரண்டுவாள், பிள்ளைகள் பனியை அள்ளி ஒன்றன்மேல் ஒன்று எறியும்.

"நான் ஒருத்தனா தோண்டுவேன். எம் பொண்டாட்டிக்கு விசா கெடைக்கல. இங்க வந்தா கூட்டிக்கலாம்னு வந்தேன், இப்ப எங்க வாப்பா படுத்த படுக்கை, விட்டுட்டு வர முடியாதுங்கிறா. எம் பையனுக்கும் பல்லு விழுந்துச்சு. போன்லதான் சொன்னான். ஒங்க வீட்டுல கேரியரு வாங்க அஞ்சு நிமிஷம் நிப்பேன். தாளிக்கிற சத்தம், பாப்பா ஷூவத் தேடுற சத்தம். வண்டி கெடச்சதுல நான் சந்தோஷப்பட்டது அதுக்குத்தான். ஒங்க மேல எனக்கு எம்புட்டுப் பொறாமை தெரியுமாண்ணே?" என்று சிரித்தார்.

நான் ரசத்தை மூடினேன். நான் பொறாமைப்படுகிற ஆள் என்மேல் பொறாமைப்படுவது எனக்கு உவப்பாக இல்லை. மாதக்கணக்கில் வளர்த்த ஒன்றின் காலடியிலிருந்து மண்ணை எடுத்தது மாதிரி இருந்தது. "அப்பாவுக்கு என்ன உடம்பு?" என்று மட்டும் கேட்டேன். தண்ணீர் வடியும்வரை அதைப் பேசினோம்.

ஆபீஸ் போய்ச் சேர்ந்தபோது மேனேஜர் வாசலுக்கே வந்துவிட்டார். ஆலங்கட்டிச் செய்தி போனில் வந்திருந்தது. "வெள்ளையாகவா? முழுக்கவா?" என்று அவர் கேட்டது என்ஜினியரை. நானும் அதே வண்டியில்தான் வந்தேன், எனக்கும் கண் இருக்கிறது. "வாதியில எறங்காம நிறுத்தினது இவங்கதான் சார்," என்று என்ஜினியர் சொன்னார். மேனேஜர் என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, மறுபடி அவரிடம், "ஆழம் எவ்வளவு இருக்கும், பனி?" என்றார்.

அதற்குப் பிறகு நான் தினமும் அந்த வண்டியில்தான் போய் வந்தேன். என் ஒரு மணி நேரம் எனக்குத் திரும்பக் கிடைத்தது. மகளுக்கு அருகில் இப்போது அவரும் உட்கார்ந்து டீ குடித்தார். மேல்முறையீட்டை வாபஸ் வாங்கலாமா என்று ஒருநாள் கையேட்டைப் புரட்டினேன். மேல்முறையீடு செய்ய விதி இருந்தது, நினைவூட்ட விதி இருந்தது, திரும்பப் பெற விதி இல்லை. இருந்திருந்தால் பெற்றிருப்பேனா என்று மனைவி கேட்டாள். அன்றுதான் இரண்டாவது நினைவூட்டல் அனுப்பியிருந்தேன் என்பதை அவளிடம் சொல்லவில்லை.

பதில் ஃபாக்ஸில் வந்தது. என் வாதம் முழுமையாக ஏற்கப்பட்டிருந்தது. மழையும் கல் மாவும் பனியைப் போன்றவையே. வண்டி பணிமூப்பு உள்ளவருக்கு, உடனடியாக, நடப்புக் குளிர்காலம் முடிய, அதாவது மார்ச் கடைசி வரை. அதை இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படிக்கும்போது என்ஜினியர் வந்து, சாவியை என் மேஜைமேல் வைத்தார். மேனேஜர் அதற்குள் சொல்லிவிட்டிருந்தார்.

"முபாரக்ணே. செகண்ட் கியரு கொஞ்சம் இறுகும், பாத்துப் போடுங்க."

"நீங்க?"

"நீங்க ஏத்திக்கிட்டா வர்றேன். இல்லாட்டி கேம்ப்பு." அவர் சொன்னது கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலிதான்.

அன்று சாயங்காலம் நான் ஓட்டினேன். சாலை சுக்கு மாதிரிக் காய்ந்து கிடந்தது, மசாஃபியில் அனல் காற்று தொடங்கிவிட்டது. செகண்ட் கியர் இறுகியது. பக்கத்தில் அவர் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அதைப் பிடித்தபடி வந்தார். கராமாவில் கட்டடத்தின் கீழே நிறுத்தியபோது மகள் பால்கனியில் நின்றிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் ஓட்டுநர் பக்கம் நோக்கிக் கையை ஆட்டினாள். பிறகு அங்கே நான் இருப்பதைப் பார்த்து, கையை இறக்காமலே அவர் உட்கார்ந்திருந்த பக்கத்து ஜன்னலுக்கு மாற்றிக்கொண்டாள்.

பதில் வந்த தேதி, மார்ச் முப்பது.